ஒயின் ஷாப் வாசலில் ஒரு டீ கேன்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என்னுடைய யோசனை அல்ல, மேரியுடையது. காலையில் மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் ரயிலில், பெண்கள் பெட்டியில், நின்றபடியே டப்பாவிலிருந்து இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு அவள்தான் இதை என் தலையில் கட்டினாள்.

மேரி சிப்காட் தொழிற்பேட்டையில் மருந்து பாட்டிலுக்கு மூடி செய்யும் கம்பெனியில் வேலை செய்கிறாள். நான் அதே சாலையில் ஓர் இரும்புக் கம்பெனியின் டைம் ஆபீஸில் இருக்கிறேன். யார் எப்போது உள்ளே வந்தார்கள், எப்போது வெளியே போனார்கள் என்று பார்ப்பது என் வேலை. மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். இது பெட்டியில் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் படித்ததில்லை. ஆனாலும் மரியாதை உண்டு, ஜன்னலோர இடம் கிடைக்கும்.

"க்கா, நீ கதை எழுதறவதானே? எனக்கோசரம் ஒரு எடத்துக்குப் போயிட்டு வரணும்" என்றாள் மேரி.

"எங்க?"

"எங்க ஊட்டுக்காரரு ஞாயித்துக்கெழம சாயங்காலம் மீட்டிங் போறாரு. குடிய வுடணும்னு கீறவங்கோ மீட்டிங். உள்ள குந்திக்கினு இன்னாமோ பேசறாங்கோ. இன்னா பேசினேன்னு கேட்டா, அங்க பேசினது அங்கயே இருக்கணும்ன்றாரு. மாசத்துல ஒரு வாட்டி வெளி ஆளுங்கோ வந்து பாக்கலாமாம். நீ போய்க்கினு வா."

"நீயே போயேன்."

"நான் போயி குந்தினா அவரு வாயத் தொறப்பாரா? நீ போ. என்னப் பத்தி இன்னா சொல்றாருன்னு கேட்டுக்கினு வந்து சொல்லு. அவ்ளோதான்."

ஆக, நான் பார்வையாளராகப் போகவில்லை. உளவாளியாக அனுப்பப்பட்டேன். இதை அந்தக் கூட்டத்தில் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

மேரியின் கணவர் பென்னி. ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். குடியால் அந்த வேலை போயிற்று. பிறகு மகள் ஏஞ்சலினின் பிறந்தநாள் அன்று, எல்லோரும் மெழுகுவத்தி ஏற்றிக் காத்திருக்க, போதையில் நாற்காலி என்று நினைத்துக் கேக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு மேரி அவருடைய பையை வாசலில் வைத்தாள். இப்போது கவரைப்பேட்டையில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். காண்ட்ராக்ட்டில் ஏதோ வேலைக்குப் போகிறார்.

நான் போக வேண்டிய கூட்டத்துக்கு அடுத்த ஞாயிறு ஏஞ்சலினுக்குப் புதுநன்மை. மாதா கோயிலில் முதன்முதலாக நன்மை அப்பம் வாங்குகிற நாள், வெள்ளை கவுன், வீட்டில் விருந்து. அன்றைக்குப் பையோடு வீட்டுக்குத் திரும்பி வரட்டுமா என்று பென்னி கேட்டிருக்கிறார். மேரி இன்னும் பதில் சொல்லவில்லை. அதற்குத்தான் இந்த அவசரம்.

"க்கா, அவரு ஊட்டுல இருந்தப்ப டெய்லி சாயங்காலம் கதவப் பாதி தொறப்பேன். ஊதுன்னுவேன். கன்னத்த உப்பிக்கினு ஊதுவாரு. நாத்தம் இல்லன்னா மீதிக் கதவு. ஏஞ்சலின் பொறந்ததுலேந்து அதத்தான் பாத்துக்கினு கீது. ஒரு நாளு பக்கத்து ஊட்டு ஜோஷ்வா அங்கிள் கறிவேப்பில கேட்டு வந்தாரு. இது ஓடிப் போயி கதவப் பாதி தொறந்துட்டு, 'அங்கிள், ஊதுங்க'ன்னுது!"

பெட்டியே சிரித்தது. மேரியும் சிரித்தாள். பிறகு பொன்னேரி வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இறங்கும்போது கேட்டாள்: "மறுபடி குடிப்பாரா, மாட்டாரா? கதையில முடிவெல்லாம் நீதானேக்கா எழுதற?"

(அடிக்குறிப்பு: எல்லாப் பெயரையும் மாற்றியிருக்கிறேன். மேரிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அவளிடமே கேட்டேன். "மேரின்னே வை. எங்க தெருவுல கல்லு வுட்டா ஒரு மேரி மேலதான் வுழும். எவளும் கண்டுபுடிக்க மாட்டா" என்றாள்.)

2

தொடக்கங்கள். எழுதி அடித்தவை, உங்கள் பார்வைக்கு.

"சிப்காட்டின் புகைபோக்கிகளுக்குப் பின்னால் செஞ்சூரியன் மெல்லச் சரிந்துகொண்டிருந்தபோது, வாழ்க்கையின் படுகுழியிலிருந்து மீண்டெழ நினைத்த அந்த மனிதன்..."

நிறுத்திவிட்டேன். கும்மிடிப்பூண்டியில் சூரியன் சரிவதை நின்று பார்க்க யாருக்கு நேரம்? கம்பெனி பஸ் போய்விடும்.

"இன்றைய சமூகத்தில் மதுப்பழக்கம் என்பது ஒரு..."

இதற்குப் பள்ளிக் கட்டுரைப் போட்டியில் ஆறுதல் பரிசு கிடைக்கும். ஒரு எவர்சில்வர் கிண்ணம்.

"கேக்கின் மேல் ஒரு மனிதன் உட்கார்ந்தான்."

இது நல்ல தொடக்கம். எழுதிவிட்டு எழுந்து இரண்டு சுற்று நடந்தேன், அவ்வளவு சந்தோஷம். ஆனால் ஏஞ்சலின் நன்றாகப் படிக்கிற பெண். என்றைக்காவது இதைப் படிப்பாள். அதனால் எடுத்துவிட்டேன். (நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள். அவளை எங்காவது பார்த்தால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.)

"நான் எல்.கே.ஜி. நாற்காலியில் உட்கார்ந்தேன்."

சரி, இதை வைத்துக்கொள்வோம்.

3

நான் எல்.கே.ஜி. நாற்காலியில் உட்கார்ந்தேன். கூட்டம் நடப்பது ஒரு நர்சரி பள்ளியில். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வரமாட்டார்கள் என்பதால் ஒரு வகுப்பறையைத் திறந்துவிடுகிறார்கள். சிவப்பும் மஞ்சளுமாகக் குட்டி நாற்காலிகள். ஃபர்னஸில் வேலை செய்கிறவர், டிரெய்லர் ஓட்டுகிறவர், மீன் வண்டிக்காரர் என்று பெரிய பெரிய உடம்புகள், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தன. சுவரில் வாத்து, நண்டு, ஒட்டகம். அப்படி உட்கார்ந்துகொண்டு யாரும் வீறாப்பு பேச முடியாது.

[இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். உள்ளே பேசியதைத்தான் வெளியே சொல்லக் கூடாது, நாற்காலிகள் எதுவும் பேசவில்லை. ஆகவே சொல்லலாம்.]

கூட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் பூவராகவன். மற்ற நாளெல்லாம் ஆட்டோ ஓட்டுகிறவர். கூட்டம் தொடங்கும் முன்னால் என்னைப் பள்ளி கேட்டுக்கு வெளியே அழைத்துக்கொண்டு போனார்.

"மேடம், எழுதறவங்கன்னு சொன்னீங்க. ரொம்ப சந்தோசம். ஆனா இந்தக் கேட்டுக்கு உள்ள எவன் இன்னா பேசினாலும் அது வெளிய வரக்கூடாது. பேப்பர்லயும் வரக்கூடாது, வாயிலயும் வரக்கூடாது."

"அப்போ நான் எதை எழுதறது?"

"கேட்டுக்கு வெளிய இன்னா நடந்தாலும் எழுதிக்கோங்க. ரோடு இன்னா நம்மளுதா?"

இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் கதை ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்டுக்கு உள்ளே பேசியது எதுவும் இதில் கிடையாது. வெளியே நடந்தது எல்லாம் உண்டு.

உள்ளே நான் பேசியதைச் சொல்லலாம், அது என் சொத்து. என் முறை வந்ததும் எழுந்து, "நான் நர்மதா. சும்மா பாக்க வந்தேன்" என்றேன். எழுந்தபோது நாற்காலியும் என்னோடு சேர்ந்து எழுந்தது.

[அதற்கு எல்லோரும் ஒரே குரலில் சொன்னது: நீக்கப்பட்டது. நாற்காலியைப் பிடித்து இழுத்துக் கழற்றியவர் சொன்னது: அதுவும்.]

அடுத்து பென்னி எழுந்தார். பேசினார்.

4

[

]

(இந்தப் பகுதி மேரியைப் பற்றியது. முழுக்க முழுக்க அவளைப் பற்றியது. இத்தனை வருடமாகக் கதை எழுதுகிறேன், என் கதையில் எந்த ஆணும் தன் மனைவியைப் பற்றி இப்படிப் பேசியதில்லை. எனக்கு அப்படி எழுதத் தோன்றியதே இல்லை. ஒரு சொல்லைக்கூட வெளியே விடமாட்டேன். நான் முந்தானையில் மூக்கைச் சிந்தியதை மட்டும் சொல்கிறேன். மூக்கு என்னுடையது.)

5

அழுதுவிட்டதால் நம்பிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பென்னி என்கிற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. சட்டை காலரில் இஸ்திரி மடிப்பு. தலையில் எண்ணெய். நன்றாகப் பேசினார். டைம் ஆபீஸில் உட்கார்ந்து உட்கார்ந்து நான் கண்டுகொண்டது இது: லேட்டாக வருகிறவர்கள்தான் நன்றாகப் பேசுவார்கள். நேரத்துக்கு வருகிறவன் கையைத் தூக்கிவிட்டு உள்ளே போய்விடுவான்.

பேசி முடித்ததும் பென்னி மூலையிலிருந்த டீ கேனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அடியில் குழாய் வைத்த பெரிய எவர்சில்வர் கேன். டீ வரப் போகிறது என்று எனக்கு உற்சாகம் வந்தது. சாயங்காலம் டீ குடிக்காவிட்டால் எனக்குத் தலை வலிக்கும், கை நடுங்கும், வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுவேன். இதை அந்த அறையில் வெளிப்படையாகச் சொல்லத் தைரியம் வரவில்லை.

டீ வரவில்லை. வேறு இருவர் பேசி முடித்தார்கள். அப்போதும் வரவில்லை. யாரும் வாசலைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்க்காமல் இருப்பதில் அத்தனை பேரும் அவ்வளவு மும்முரமாக இருந்தார்கள்.

போன் வந்ததுபோல எழுந்து (நாற்காலியை முன்கூட்டியே கழற்றிக்கொண்டு) வெளியே போனேன். பூவராகவன் பின்னாலேயே வந்தார். கேட்டுக்கு உள்ளே நின்று வாயைத் திறந்தவர், ஏதோ நினைத்துக்கொண்டு, ஓர் அடி வெளியே எடுத்துவைத்துவிட்டுப் பேசினார். அந்த ஓர் அடிக்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

"டீயா மேடம்? வரும்."

"இதோ எதிர்லயே டீக்கடை இருக்கே. இங்க வாங்கக் கூடாதா?"

"நாங்க ஸ்டேசன்கிட்ட கீற கடையிலதான் வாங்கறது."

"அங்க நல்லா இருக்குமா?"

"கண்றாவியா இருக்கும்."

"அப்புறம் ஏன்?"

"அங்க போவணும்னா ஒயின் ஷாப்பத் தாண்டித்தான் போவணும். கடைசியா வந்து சேந்தவன்தான் டீக்குப் போவணும். கேனத் தூக்கினு போயி, கேனத் தூக்கினு வரணும். நான் போயிருக்கேன். உள்ள குந்தினு கீறவங்கோ எல்லாருமே போயிருக்காங்கோ."

"திரும்பி வரலைன்னா?"

"டீ இல்லாம ஊட்டுக்குப் போவோம். அடுத்த வாரம் வேற கேன் வாங்குவோம். அவன் வந்தான்னா அதையும் அவன் கையிலதான் குடுப்போம்."

"யாராவது போய்ப் பாத்துட்டு வரலாமே?"

"போவக் கூடாது மேடம். பின்னாடியே ஆளு அனுப்பிச்சா அது டீ வாங்கறது இல்ல, ஜாமீன்ல வுட்டு வெச்சிருக்கற மாதிரி ஆயிடும்."

"நான் உங்க ஆளு இல்லையே. சும்மா பாக்க வந்தவ."

பூவராகவன் தலையைச் சொறிந்தார். எதிர்க்கடையைப் பார்த்தார். கடைசியில், "ரோடு இன்னா நம்மளுதா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

6

ஒயின் ஷாப் வாசலில், பக்கத்துச் சுவர் ஓரமாக, டீ கேன் இருந்தது.

பென்னி இல்லை.

மூடியின் இடுக்கில் ஆவி வந்துகொண்டிருந்தது. கேனைச் சுற்றி ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். ஒருவர் அதன் மேல் தன் ஹெல்மெட்டை வைத்துவிட்டு உள்ளே போனார்.

எனக்கு முடிவு எழுதும் பழக்கம் உண்டு. விட முடியவில்லை. எதைப் பார்த்தாலும் கை அரிக்கும். கேனைப் பார்த்ததுமே மூன்று முடிவு எழுதிவிட்டேன், மனதுக்குள். மூன்றிலும் பென்னி உள்ளேதான் இருந்தார். மூன்றிலும் மேரி கதவைத் திறக்கவில்லை. ஒன்றில் நான் அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு தனியாகப் பள்ளிக்குத் திரும்பி நடக்கிறேன், தெருவிளக்கு ஒவ்வொன்றாக எரிகிறது. நல்ல முடிவு. சொன்னால் வெட்கமாக இருக்கிறது, மனதில் ஒரு மூலையில் அது எனக்குப் பிடித்திருந்தது. பத்திரிகைக்காரர்களுக்கும் பிடித்திருக்கும்.

மற்ற மூலையெல்லாம் பயம்தான். மேரியிடம் இதை எப்படிச் சொல்வேன்?

அப்போது ஒயின் ஷாப்பை ஒட்டிய சந்திலிருந்து பென்னி வந்தார்.

(அந்தச் சந்தில் ஒரு பிளாஸ்டிக் கடை இருக்கிறது. ஒயின் ஷாப் பாரின் பின்வாசலும் அந்தச் சந்தில்தான் இருக்கிறது. கதைக்காக நான் வைத்ததல்ல. சந்து அப்படித்தான் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.)

கையில் பேப்பர் கப் கட்டு. வாயில் ஏதோ மிட்டாய்.

7

"மேடம்! நீங்க இன்னா இங்க?"

"டீ இன்னும் வரலையேன்னு..."

"கடையில கப்பு தீந்துபோச்சு மேடம். கப்பு இல்லாத டீய எத்துக்கினு போயி இன்னா பண்றது? கையிலயா ஊத்தறது? அதான் சந்துக்குள்ள போயி வாங்கினு வந்தேன். கேனு சூடு, கைய வெக்க முடியல. இங்க வெச்சுட்டுப் போனேன்."

"ஒயின் ஷாப் வாசல்லயா?"

"வேற எங்க மேடம் வெக்கறது?" என்றார், நான்தான் ஏதோ விவரமில்லாமல் கேட்டதுபோல. "டீக்கடைகிட்ட வெச்சா எவனாவது ரெண்டு கப்பு புடிச்சுக்குவான். இங்க வர்றவன் எவனாவது டீயத் தொடுவானா? நான் இங்க வந்துக்கினு இருந்தப்ப டீ வாசன வந்தாலே மூஞ்சியத் திருப்பிக்குவேன். கும்மிடிப்பூண்டிலயே டீக்கு சேஃப்டியான எடம் இதான்."

சொல்லிவிட்டுக் கேன் மேலிருந்த ஹெல்மெட்டை எடுத்து, பத்திரமாகச் சுவர் மேல் வைத்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் கேட்டார்:

"மேரி அனுப்பிச்சிதா?"

நான் சுவர் மேலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தேன்.

"உங்ககூடதான் ரயில்ல போவும்னு ஏஞ்சலின் போன்ல சொல்லிச்சு."

கப் கட்டைக் கீழே வைத்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். நேராக என் முன்னால் நிமிர்ந்து நின்று, இரண்டு கன்னத்தையும் உப்பிக்கொண்டார். ஊதுவதற்கு.

நான் கேட்கவில்லை. அவராகவே செய்தார். மேரி அனுப்பிய ஆள் முன்னால் வந்து நின்றால் அந்த உடம்புக்குத் தெரிந்த மரியாதை அதுதான்.

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். பூவராகவனின் சட்டப்படி எனக்கு எந்தத் தடையும் இல்லை. கேட்டுக்கு வெளியே நடப்பதை எழுதலாம். ரோடு யாருடையதும் அல்ல. மூக்கு என்னுடையது. ஒரே ஒரு மூச்சு இழுத்தால் மேரியின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். எனக்கு முடிவு கிடைத்துவிடும். உங்களுக்கும்தான்.

"டீ ஆறிடும், வாங்க" என்றேன்.

உப்பிய கன்னத்தோடு ஒரு நொடி நின்றார், அந்தக் காற்றை எங்கே விடுவதென்று தெரியாமல். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கு வழியாக விட்டார். மிட்டாய் பல்லில் இடித்த சத்தம் கேட்டது. புதினா மிட்டாய். அந்த வாசனை மட்டும்தான் வந்தது.

ஏன் அப்படிச் செய்தேன் என்றால், பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. காலரில் இஸ்திரி மடிப்போடு ஒரு மனிதர் நடுரோட்டில் முன்பின் தெரியாத ஒருத்தியிடம் வாயைத் திறந்து காட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. எழுத்தாளர் என்ற முறையில் இது தோல்வி. கைக்கு வந்த முடிவை விட்டுவிட்டேன்.

கேனின் ஒரு பக்கக் காதை நான் பிடித்துக்கொண்டேன். பள்ளிக்குத் திரும்பினோம். எல்லோரும் வாசலைப் பார்க்காமல் இருப்பதை நிறுத்திவிட்டு டீயைப் பார்த்தார்கள். டீ கண்றாவியாக இருந்தது. நான் மூன்று கப் குடித்தேன்.

8

திங்கட்கிழமை ரயிலில் மேரி எனக்காக ஜன்னலோர இடம் பிடித்து வைத்திருந்தாள். நாற்காலி என்னோடு எழுந்த கதையைச் சொன்னேன். டீக்கு சேஃப்டியான இடத்தைச் சொன்னேன். மேரிக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிற்று. "அவருதான்! அவரேதான்! அவரு புத்தி அப்பிடித்தான் போவும்" என்று தலையில் தட்டிக்கொண்டாள்.

"சரி, என்னப் பத்தி இன்னா சொன்னாரு?"

"அது கேட்டுக்கு உள்ள, மேரி."

"ஊதச் சொன்னியா?"

"அவரே ஊத வந்தாரு. நான்தான் வேணாம்னுட்டேன்."

மேரி என்னையே பார்த்தாள். இட்லி டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"உன்ன அனுப்பினதுக்கு எங்க ஊட்டுப் பூனைய அனுப்பியிருக்கலாம்க்கா. அது மோந்தாவது பாத்துக்கினு வந்திருக்கும்."

அனுப்பம்பட்டு போயிற்று. பொன்னேரி போயிற்று. கவரைப்பேட்டை பிளாட்பாரம் வந்தபோதுதான் வாயைத் திறந்தாள், பென்னி இருக்கிற ஊர் என்பதாலோ என்னவோ.

"வாயில மிட்டாய் போட்டிருந்தாரா?"

"புதினா."

"குடிச்சாலும் அதான் போடுவாரு. குடிக்கலன்னாலும் அதான். பேஜாரு." பிறகு வேறு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்: "எத்தினி வருசம்க்கா... கதவத் தொறந்தா மொதல்ல மூக்குதான் போவும். மூஞ்சியப் பாத்ததே இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

"வரச் சொல்லிட்டேன். காலைல பூசைக்கு வர முடியாது, டூட்டி கீதாம். மீட்டிங் முடிச்சிட்டு நேரா ஊட்டுக்கு வராரு, பையோட. கதவ நான்தான் தொறக்கணும். தொறந்துட்டு இன்னா சொல்லட்டும்? ஊதுன்னா? அந்தப் புள்ள வெள்ள கவுனு போட்டுக்கினு பின்னாடி நிக்கும். சொந்தக்காரங்கோ எல்லாம் இருப்பாங்கோ. சரி, ஊத வேணாம்னு வுட்டு, குடிச்சிக்கினு வந்திருந்தா? மறுபடி ஒரு கேக்கா?" என் கையைப் பிடித்தாள். "நீ எழுதறதுல அந்த மேரி இன்னா செய்யறாளோ அத நான் செய்யறேன். சனிக்கெழமைக்குள்ள எழுதிக் குடு."

9

இன்று சனிக்கிழமை.

முடிவு அ. கதவு பாதி திறக்கிறது. "ஊது" என்கிறாள் மேரி. ஊதுகிறார். டீ வாசனை, அந்தக் கண்றாவி டீயின் வாசனை. மீதிக் கதவு திறக்கிறது. சுபம்.

இதைத்தான் முதலில் எழுதினேன், எனக்கு ஆசையாக இருந்ததால். பூவராகவனுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். (அவர் ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தார். கேட்டுக்கு வெளியே.)

"நல்லா கீது மேடம். அடுத்த நாளு?"

"அடுத்த நாள் கதையில இல்ல."

"எங்களுக்கு கீதே."

"சரி, அதுக்கப்புறம் அவர் குடிக்கவே இல்லைன்னு கடைசியில ஒரு வரி சேத்துடவா?"

"ஐயையோ, அத மட்டும் எழுதாதீங்க! நாங்களே அத சொல்றதில்ல. இன்னிக்கிக் குடிக்கல. அவ்ளோதான் எங்க கையில கீது. நாளைக்கி நடக்கறத நீங்க எழுதி வெச்சுட்டீங்கன்னா, அப்புறம் அவன் எதுக்கு டீ வாங்கப் போவணும்?" சவாரி வந்துவிட்டது. வைத்துவிட்டார்.

முடிவு ஆ. "ஊது" என்கிறாள். ஊதுகிறார். மேரியின் முகம் மாறுகிறது. உள்ளேயிருந்து ஏஞ்சலின் வெள்ளை கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, அப்பா என்று...

முடியவில்லை. இப்படி முடித்தால் இலக்கியம் என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். எனக்குக் கை வரவில்லை.

முடிவு இ. பென்னி வாயைத் திறக்கும் முன் ஏஞ்சலின் வந்து, பெரியவர்கள் எல்லோரும் வாயடைத்துப் போகிற மாதிரி ஒன்று சொல்கிறாள்.

குழந்தையை வைத்துக் கதையை முடிப்பது, மழையை வைத்து முடிப்பதற்கு அடுத்தபடி மலிவு. அடித்துவிட்டேன்.

மேரியிடமிருந்து போன் வந்தபோது உள்ளதைச் சொன்னேன்: "தெரியலை மேரி. எனக்குத் தெரியலை." திட்டுவாள் என்று நினைத்தேன். "தெரியும்க்கா, நீ இப்பிடித்தான் சொல்லுவேன்னு" என்றாள். போனில் பின்னாலிருந்து யாரோ கவுனுக்கு இஸ்திரி போடட்டுமா என்று கேட்டார்கள். "சரி, எழுதின வரைக்கும் அனுப்பு. வேற யாருகிட்டயாவது கேட்டுக்கறேன்."

வேறு யார் என்றால், நீங்கள்தான்.

ஆகவே வாருங்கள், இப்படி வந்து நில்லுங்கள். மீஞ்சூரில், மேரியின் வீட்டில், கதவுக்கு உள்பக்கம். நாளைச் சாயங்காலம். தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம், தூக்கி இழுக்க வேண்டும். உங்கள் பின்னால் பிரியாணி வாசனை, சொந்தக்காரர்கள், வெள்ளை கவுன். கேக் இந்த முறை அலமாரிக்கு மேல் இருக்கிறது. வெளியே யாரோ பையைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றுகிறார்.

கதவைத் திறந்ததும் புதினா வாசனை வரும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, உங்களுக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். நான்காவது பகுதியில் இருந்தது முழுக்க அந்த வாய்க்குள்தான் இருக்கிறது. எல்.கே.ஜி. நாற்காலிகளுக்கு நடுவே நின்று அதைச் சொன்னவர், அந்தக் கதவருகே மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அங்கே அவர் வாயைத் திறந்ததெல்லாம் ஊதுவதற்குத்தான்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், கதவு திறந்த உடனே அவர் நிமிர்ந்து நின்று கன்னத்தை உப்பிக்கொள்வார். ஊதட்டும் என்றால் நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை, சும்மா நின்றால் போதும். வேண்டாம் என்றால், அதற்குள் அவர் முகத்தைப் பார்த்து ஏதாவது பேசிவிடுங்கள்.

கதவைத் தட்டுகிறார் பாருங்கள்.